காங்கேயத்துக் கல்லை உள்ளபடியே காட்டி விற்கும் ஒரு பட்டறை

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற சாலையில் படியூர் என்று ஒரு ஊர் வரும். பேருந்தில் போகிற நம்மில் பலருக்கும் அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து அக்குவாமரைன் என்கிற இளநீல ரத்தினக்கல்லை எடுத்திருக்கிறார்கள். 1819-20 வாக்கில் ஹீத் என்கிற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வெட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்ததாகப் பழைய பதிவுகளில் இருக்கிறது. அதற்கும் வெகு காலம் முன்பே, இன்றைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்தப் பக்கத்துக் கல் ரோமாபுரி வரை போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவ்வளவு இருந்தும், காங்கேயம், கரூர் பக்கத்தில் நகைக்கடைக்குப் போய் “நம்ம ஊர்க் கல் வைத்த நகை இருக்கிறதா?” என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ராஜஸ்தானில் பட்டை தீட்டிய கல் இருக்கும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கல்லும் இருக்கும். நம் கல் இருக்காது. இருந்தாலும் நம் கல் என்று சொல்லத் தெரியாது.

அதனால்தான் காங்கேயத்தில் ஒரு பெண் நடத்துகிற சின்னப் பட்டறையைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவர், அவருடைய அப்பா, வெள்ளி வேலை செய்யும் ஒரு ஆசாரி என்று மொத்தம் மூன்றே பேர்தான். கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது. காங்கேயத்தில் கல் அறுக்கிற பட்டறைகள் இருக்கிற பக்கம் போய், “உள்ளூர்க் கல்லில் வெள்ளி நகை செய்கிற பொண்ணு” என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன் அறைதான் கடை.

அவருடைய அப்பா பல வருடங்களாகக் கல் பட்டை தீட்டும் தொழிலில் இருப்பவர். இவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனராக வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு வந்து இதை ஆரம்பித்திருக்கிறார். அப்பாவின் கையில் இருந்தது கல். இவருக்குத் தெரிந்தது வடிவம். இரண்டும் சேர்ந்திருப்பது ஒவ்வொரு நகையிலும் தெரிகிறது.

உள்ளே நுழைந்ததும் நகையைக் காட்ட மாட்டார். முதலில் ஒரு தட்டு நிறையக் கல்லைக் கொண்டுவந்து வைப்பார். மூன்ஸ்டோன், அயோலைட், செவ்வந்திக்கல், புகை நிற குவார்ட்ஸ், ஸ்படிகம், கொஞ்சம் அக்குவாமரைன். ஒவ்வொரு சின்னக் காகிதப் பொட்டலத்தின் மேலும் என்ன கல், எத்தனை கேரட், எந்த ஊர்ப் பக்கத்தில் கிடைத்தது, நிறத்துக்காகச் சூடு காட்டியதா இல்லையா, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பேனாவால் எழுதியிருக்கும். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்துக்கு வைத்திருக்கிற கேரட் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குகிறார். “கல்லை முதல்ல பாருங்க அக்கா, நகையை அப்புறம் பேசிக்கலாம்” என்றார். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எனக்கு அந்தத் தட்டு ஒன்றே போதுமாக இருந்தது.

கல் எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதையும் கேட்டேன். கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. இந்தப் பகுதியில் அனுமதி இல்லாமல் குழி தோண்டிக் கல் எடுப்பது குற்றம். அப்படித் தோண்டிய குழிகளால் காடு கழனி கெடுவதும் உண்டு. அப்படித் தோண்டிய கல்லைத் தாம் வாங்குவதில்லை என்றும், இங்குள்ள பழைய பட்டறைக்காரர்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிற சரக்கைத்தான் வாங்குவதாகவும் சொன்னார். வாங்கிய சீட்டை எடுத்துக் காட்டினார். அதனால்தான் எல்லா நேரமும் எல்லாக் கல்லும் இருக்காது. இன்று பார்த்த கல் நாளை இல்லாமல் போகலாம்.

நான் வாங்கப் போனது மூன்ஸ்டோன் தோடு. இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மூன்ஸ்டோன் என்கிற பெயரில் சந்தையில் விற்பதில் பாதிக்கு மேல் சந்தேகப்பட வேண்டியதாகத்தான் என் கண்ணில் படுகிறது. என் நாத்தனாருக்கு ஒரு நகரத்துக் கடையில் மூன்ஸ்டோன் பதக்கம் என்று விற்றார்கள். பார்க்க ரொம்ப அழகு. பால் நீலத்தில் மின்னியது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சு அடித்தது. பள்ளியிலிருந்த பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள் இரண்டு தெரிந்தன. கண்ணாடி. ஓப்பலைட் என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. அந்தப் பெயரில் விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றி, விலையையும் மாற்றி விற்பதுதான் அநியாயம்.

நிஜமான மூன்ஸ்டோன் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கல். பூமிக்குள் மெதுவாக ஆறும்போது இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார்கள் பிரிந்து, மெல்லிய படலங்களாக ஒன்றின் மேல் ஒன்று அமைகின்றன. அந்தப் படலங்களில் வெளிச்சம் சிதறுவதால்தான் கல்லுக்குள் ஒரு ஒளி மிதந்து நகர்கிறது. இந்தப் பாடம் எனக்குத் தெரியும். பட்டறையில் பார்த்தது வேறு. அவருடைய அப்பா ஒரு முரட்டுக் கல்லை எடுத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்புக்குக் கீழே பிடித்து மெதுவாகத் திருப்பினார். அழுக்குப் பிடித்த சரளைக் கல் மாதிரி இருந்தது அது. திருப்பிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் கையை நிறுத்தினார். கல்லின் முகம் முழுக்க நீல ஒளி ஒரே வீச்சில் பரவியது. அந்த இடத்தில் மை வைத்துக் குறித்தார். கல்லின் அடிப்பாகம் அந்தப் படலங்களுக்கு இணையாக வர வேண்டும். அப்படி அறுத்து, மேலே மொழுமொழுவென்று குவித்துச் சாணை பிடித்தால்தான் ஒளி நடுவில் நிற்கும். கொஞ்சம் கோணினாலும் ஓரத்துக்குப் போய்விடும். அப்படிக் கோணலாக அறுத்த ஒரு கல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே கல், அதே எடை, ஆனால் நடுவில் வெறும் வெள்ளை. “எடை போயிருமேன்னு பார்த்து அறுத்தா இப்படித்தானுங்க ஆகும்” என்றார். ஒளியை நடுவில் கொண்டுவர அவர் கல்லில் பாதிக்கு மேல் தேய்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. மெஷினில் மொத்தமாக அறுக்கிற இடத்தில் இதற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

அப்புறம் நகை வேலை. நம் பழைய கல் நகைகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கும், பளபளப்பான தாளும் வைத்துக் கட்டுவார்கள். கெம்புக் கல்லுக்கு அந்த ஜொலிப்பு வருவதே அதனால்தான். அது ஒரு பெரிய கலை, குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இவர் அயோலைட்டுக்கும் அக்குவாமரைனுக்கும் பின்பக்கத்தைத் திறந்தே விடுகிறார். மூன்ஸ்டோனுக்கு மட்டும் பின்னால் ஒரு வெள்ளித் தகடு உண்டு. அந்தத் தகட்டின் உட்புறத்தைக் கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்க வைக்கிறார். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் சில்வர் சல்ஃபைடு, அந்தக் கறுப்பு. பின்னால் இருட்டு இருந்தால் தெளிவான மூன்ஸ்டோனின் நீலம் எழும்பித் தெரியும். இதை அவர் மறைக்கவில்லை. கறுத்த தகட்டின் மேல் கல்லை வைத்துக் காட்டினார், வெறும் வெள்ளைக் காகிதத்தின் மேலும் வைத்துக் காட்டினார். காகிதத்தின் மேல் நீலம் பாதிதான் தெரிந்தது. “இரண்டும் இதே கல்தான். எப்படிப் பிடித்திருக்கிறதோ சொல்லுங்க” என்று விட்டுவிட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே நான் இந்தக் கடைக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்புவேன்.

தோட்டின் வடிவத்தில் ஆடம்பரம் இல்லை. கல்லைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளி விளிம்பு, கீழே ஒரே ஒரு வெள்ளி முத்து. கறுத்த தகட்டின் வெளிப்பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம் செதுக்கியிருக்கிறார். காதில் போட்டால் யாருக்கும் தெரியாது. போடுகிறவளுக்கு மட்டும் தெரியும்.

மகளுக்கு அயோலைட் மோதிரம் எடுத்தேன். ஊதா கலந்த நீலக் கல். இதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நீலம், இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் லேசான மஞ்சள். கல்லின் படிக அமைப்பில் ஒளி திசைக்கு ஒரு மாதிரி உறிஞ்சப்படுவதால் வருவது இது. மகள் வாங்கிய அன்றே மோதிரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, கல் வெளுத்துப்போச்சு” என்று பதறினாள். பக்கவாட்டில் பார்த்திருக்கிறாள். மேலிருந்து பார்க்கும்போது நீலம் வருகிற மாதிரி அறுக்க வேண்டும் என்பதுதான் இதில் வேலையே. இந்தக் கல்லில் அது சரியாக வந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நீலம் ஒரே சீராக இருக்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும் தலைமுடி போல ஒரு கோடு. அந்தக் கோடும் பில்லில் எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். காங்கேயம் என்றாலே தேங்காய்க் களமும் எண்ணெய் ஆலையும்தான். கொப்பரை எடுத்த பின் தொட்டி மலையாகக் குவிந்து கிடக்கும், பெரும்பாலும் எரிக்கத்தான் போகும். அந்தத் தேங்காய்த் தொட்டியைச் சின்ன வில்லைகளாக அறுத்து, மணியாக உருட்டித் தேய்த்து, நடுநடுவே ஸ்படிகமும் புகை நிற குவார்ட்ஸும் கோத்து ஒரு மாலை செய்திருக்கிறார். சாயம் கிடையாது, வார்னிஷ் கிடையாது. தேங்காயெண்ணெய் தடவித் துணியால் தேய்த்ததில் வந்த மினுமினுப்பு மட்டும்தான். கைத்தறிப் புடவைக்கு அது பொருந்துகிற மாதிரி தங்கம் பொருந்தாது என்பது என் முடிவு. நான் போனபோது மாலையின் விலை 1,450 ரூபாய். தோடு 2,800. மோதிரம் 4,600. வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும்.

கொடுமணலைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் பெரில் (அக்குவாமரைன் இந்த வகைக் கல்தான்), குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், நீலக்கல், சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. முழுசாக முடித்த மணி மட்டும் இல்லை. பாதி தேய்த்தது, துளை போடாதது, உடைந்து தூக்கி எறிந்தது எல்லாம் கிடைத்தது. அதாவது அங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். மேற்குக் கடற்கரை முசிறிக்கும் கரூருக்கும் இடையிலான பெருவழியில் இருந்த ஊர் அது. நொய்யல் இன்று எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதைப் பேசினால் மனசு கனத்துவிடும். ஆனால் தொழில் அறுந்துபோகவில்லை என்பதை இந்தப் பட்டறையில் சாணை சுற்றும்போது நான் கண்ணால் பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு டப்பா நிறைய உடைந்த, பாதி தேய்த்த கல் கிடந்தது.

சரி, குறைகள். இருக்கின்றன.

சொன்ன தேதிக்குத் தர மாட்டார். தோடு இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. வளைகாப்பு, கல்யாணம் என்று நாள் குறித்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. ஆசாரி ஒருவர்தான் என்கிற காரணம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் நாளைக் கூட்டிச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்புகிற படங்களில் மூன்ஸ்டோன் நேரில் இருப்பதைவிட அதிக நீலமாகத் தெரிகிறது. வேண்டுமென்று செய்வதில்லை. ஒளி நன்றாக விழுகிற கோணத்தில் எடுக்கிறார். ஆனால் தூரத்திலிருந்து படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம் வரும். வீடியோ கேளுங்கள், கல்லைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் கம்பி முனைகளில் ஒன்று துருத்திக்கொண்டு துப்பட்டா நூலை இழுத்தது. எடுத்துக்கொண்டு போனதும் அப்பொழுதே தேய்த்துச் சரிசெய்து தந்தார், காசு வாங்கவில்லை. இருந்தாலும் முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

அக்குவாமரைன் பதக்கம் ஒன்று 11,000 சொன்னார். நிறம் ரொம்ப வெளிறியிருந்தது. சந்தையில் பச்சை கலந்த அக்குவாமரைனைச் சூடு காட்டி நல்ல நீலமாக்குவது சாதாரணம். இவர் அதைச் செய்வதில்லை, மண்ணிலிருந்து வந்த நிறத்திலேயே விடுகிறார். அந்தக் கொள்கையை மதிக்கிறேன். ஆனாலும் அந்த விலைக்கு அந்தக் கல் எனக்குத் தகவில்லை. படியூர்க் கல் என்கிற ஆசை இருப்பவர்கள் வாங்கலாம். நான் அங்கே போனால் அடுத்தும் மூன்ஸ்டோனைத்தான் பார்ப்பேன்.

ராசிக்கல் தேடிப் போகிறவர்களுக்கு இது இடமில்லை. நீலத்துக்குப் பதிலாக அயோலைட்டையும், முத்துக்குப் பதிலாக மூன்ஸ்டோனையும் போடச் சொல்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைக் கேட்டு ஒருவர் நான் இருந்தபோதே வந்தார். “அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. கல் அழகா இருக்குதான்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வியாபாரம் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

பில் முறையாகத் தருகிறார். மூன்று சதவீத ஜிஎஸ்டி, வெள்ளி எடை தனி, கல் விலை தனி, செய்கூலி தனி. சேதாரம் என்று ஒரு வரியே இல்லை. தங்கத்துக்கு 2021-லிருந்து ஹால்மார்க் கட்டாயம் வந்துவிட்டது, ஆனால் நான் வாங்கியபோது வெள்ளிக்கு அது கட்டாயம் இல்லை. இவர் 925 முத்திரை (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்று பொருள்) அடித்துத் தருகிறார், சந்தேகம் இருந்தால் வெளியே சோதித்துக்கொள்ளுங்கள் என்கிறார். நான் சோதிக்கக் கொடுத்தேன், சரியாக இருந்தது.

வாங்குகிறவர்கள் பராமரிப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்ஸ்டோனின் கடினத்தன்மை மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரைதான். வீட்டுத் தூசியில் இருக்கிற மணல் துகள் 7. அதனால் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். தண்ணீரில் அலசிவிட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஓங்கி அடிபட்டால் வாட்டமாகப் பிளந்துவிடும் கல் இது, ஆகவே தோட்டுக்கும் பதக்கத்துக்கும் சரி, தினமும் போடுகிற மோதிரத்துக்குச் சரிப்படாது. நகைக்கடைகளில் இருக்கிற அதிர்வு மெஷினில் போட்டுக் கழுவவே கூடாது. செவ்வந்திக்கல்லை வெயிலில் வைத்தால் நாளாவட்டத்தில் நிறம் இறங்கும். தேங்காய்த் தொட்டி மாலையைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

போவதாக இருந்தால் காலையில் போங்கள், வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது கல்லைப் பார்க்கலாம். போவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள், கல் வாங்க வெளியே போயிருப்பார். தீபாவளிக்கு வேண்டும் என்றால் ஆவணி பிறந்ததுமே சொல்லி வைத்துவிடுங்கள், புரட்டாசியில் சொன்னால் கார்த்திகையில்தான் கைக்கு வரும்.